ஒரே தேதி, பல நூற்றாண்டுகள்: 'வரலாற்றில் இன்று' பலகை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் 'வரலாற்றில் இன்று' என்று தலைப்பிட்டு ஐந்து வரி எழுதுவது சில வருடங்களாக என் பொறுப்பு. தொடக்கத்தில் கைபேசியில் வரும் பட்டியலை அப்படியே எழுதிவிடுவேன். ஓர் ஆகஸ்ட் 15 அன்று, '1947: செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றினார்' என்று எழுதியிருந்தேன். கொடியேற்றத்துக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் நின்று படித்துவிட்டு, "தம்பி, அது மறுநாள், 16ஆம் தேதி" என்றார். தேடிப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அதற்குள் நான்கைந்து பிள்ளைகள் அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்த முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நானாகப் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி காலைக் கூட்டத்துக்கோ நூலகப் பலகைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ இதே வேலையைச் செய்பவர்களுக்கு உதவும். எடுத்துக்காட்டுக்கு ஆகஸ்ட் 15ஐயே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த தேதி என்றாலும், தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கும்.

முதல் படி: கச்சாப் பட்டியல்

பலகையில் போவது ஐந்து வரி என்றால் கையில் இருபது நிகழ்வாவது வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் உண்டு. தொடங்குவதற்கு அது நல்ல இடம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. கலைக்களஞ்சியங்கள், பழைய இதழ்கள், தமிழ் மின்நூலகத்தில் கிடைக்கும் நூல்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு அட்டை போடுங்கள். என்ன நடந்தது, எந்த ஊரில், அந்த ஊர் நேரப்படி எப்போது, என்ன கிழமை, யார் சொல்கிறார்கள் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். கிழமை எதற்கு என்று தோன்றும். தப்பான தேதியைப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் கிழமைதான். 1901 முதல் 2099 வரை 28 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்பி வரும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 28ஐக் கூட்டினால் 1975, அதுவும் வெள்ளி. இன்னொரு 28 கூட்டினால் 2003, மறுபடியும் வெள்ளி. ஒரு நூல் 'ஞாயிறு' என்று சொல்லி உங்கள் கணக்கு 'திங்கள்' என்று வந்தால், அந்த அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்துப் பக்கங்கள் பத்துச் சாட்சிகள் ஆகாது. வாக்கியம் ஒரே மாதிரி இருந்தால் அதை ஒரே சாட்சியாகக் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் படி: எந்த நாட்காட்டியின் தேதி?

பழைய தேதிகள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம்.

இன்று நாம் பயன்படுத்துவது கிரிகோரியன் நாட்காட்டி. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி கொண்டுவந்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் ஓடியது ஜூலியன் நாட்காட்டி. அதன் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். நூற்றாண்டுகளில் அது நாட்களாகச் சேர்ந்துவிட்டது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 1582 அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று வைத்துக் கணக்கை நேராக்கினார்கள். பிரிட்டன் ஒத்துக்கொள்ள 1752 வரை ஆனது. அங்கே செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. ரஷ்யா 1918இல்தான் மாறியது. 'அக்டோபர் புரட்சி'யின் ஆண்டு விழா நவம்பர் 7இல் வருவது அதனால்தான்.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் லா பூர்தொனே தலைமையில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். பிரெஞ்சு ஆவணங்களைப் பார்த்தால் செப்டம்பர் 21. ஆங்கிலேயர் ஆவணங்களைப் பார்த்தால் செப்டம்பர் 10. இரண்டுமே சரி. புதுச்சேரியில் புதிய நாட்காட்டி, சென்னையில் பழையது. ஒரே கடற்கரையில் நூற்றைம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே 11 நாள் வித்தியாசம்! அந்தக் காலத்தில் புதுச்சேரியில் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டு, மாதம், தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்தவர். அவர் கணக்கில் அது அட்சய ஆண்டுப் புரட்டாசி. இந்த மூன்று கணக்குக்கும் பொதுவானது கிழமை. செப்டம்பர் 10 என்றாலும் 21 என்றாலும் அன்று புதன்கிழமைதான். நாட்காட்டியை மாற்றியவர்கள் தேதியைத் தாண்டினார்களே தவிர கிழமை வரிசையை யாரும் தொடவில்லை.

சரி, பலகையில் எப்படி எழுதுவது? 1582க்கு முந்தைய தேதியை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள், அதுதான் வழக்கம். 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட ஆங்கிலேயர் தேதியென்றால் பக்கத்தில் 'பழைய கணக்கு' என்று ஒரு சொல் போடுங்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரி நிகழ்வுகளில் ஆண்டே ஒன்று குறைவாக இருக்கலாம்.

இரண்டு நாடுகளின் நிகழ்வுகளை 'ஒரே நாளில்' என்று இணைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23இல் ஒன்றாக இறந்தார்கள் என்று எழுதாத ஆளில்லை. இங்கிலாந்தில் பழைய நாட்காட்டி, ஸ்பெயினில் புதியது. ஆக, ஷேக்ஸ்பியர் இறந்தது பத்து நாள் கழித்து. செர்வாண்டிசுக்கும் 23ஆம் தேதி அடக்கம் நடந்த நாள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. 'ஒரே தேதி' என்று எழுதலாம், 'ஒரே நாள்' என்று எழுதக் கூடாது.

நம் விழாக்களுக்கு வருவோம். ராசராச சோழனின் சதய விழா ஐப்பசிச் சதயத்தில் வருகிறது. நட்சத்திரத்தைக் கொண்டு வரும் நாள் ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் நகரும். அதை ஒரு நிலையான தேதி அட்டையில் அடைக்காதீர்கள், அந்தந்த ஆண்டு பஞ்சாங்கம் பார்த்து எழுதுங்கள். கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு, மாதம், திதி, நட்சத்திரம், கிழமை என்று வருவதை ஆங்கிலத் தேதிக்குக் கொண்டுவர, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட அட்டவணைத் தொகுதிகள் இருக்கின்றன. கணினி இல்லாத காலத்தில் அத்தனை நூற்றாண்டுகளுக்கும் நாள் நாளாகக் கணக்கிட்டு வைத்த மனிதர். ஒருமுறையாவது அந்தத் தொகுதியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த ஊர்க் கடிகாரம்?

தந்தியும் வானொலியும் வந்த பிறகு நடந்தவற்றுக்கு இந்தக் கேள்வி முக்கியம். ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ சரணடையும் முடிவை வானொலியில் அறிவித்தது டோக்கியோவில் 1945 ஆகஸ்ட் 15 நண்பகல். அப்போது வாஷிங்டனில் ஆகஸ்ட் 14 இரவு 11 மணி. அதிபர் ட்ரூமன் அன்று மாலை 7 மணிக்கே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். ஆக அமெரிக்க நூல்களில் 14, ஜப்பானிலும் பிரிட்டனிலும் 15. சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்தானது செப்டம்பர் 2, மிசூரி போர்க்கப்பலில்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டாலரைக் கொடுத்தால் தங்கம் தருவோம் என்று பிற நாடுகளுக்குத் தந்திருந்த உறுதியை அமெரிக்கா நிறுத்துகிறது என்று அதிபர் நிக்சன் அறிவித்தது 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு 9 மணிக்கு. நமக்கு அது 16ஆம் தேதி, திங்கள் காலை ஆறரை. நான் கடைப்பிடிக்கும் விதி எளிது: நிகழ்வு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்த் தேதி. பலகையில் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

நள்ளிரவு விஷயம் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். கடிகாரக் கணக்கில் நள்ளிரவில் நாள் மாறும், பஞ்சாங்கக் கணக்கில் சூரிய உதயத்தில்தான் மாறும். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் 12 பிறந்துவிட்டது, வீட்டாருக்கும் ஊராருக்கும் அது 11ஆம் தேதி இரவுதான். நினைவு நாளை 11 என்று கொண்டாடுவதும், சில நூல்களில் 12 என்று இருப்பதும் இதனால். இந்திய விடுதலையும் அப்படித்தான். ஆகஸ்ட் 15 நல்ல நாள் இல்லை என்று சோதிடர்கள் முகம் சுளித்தார்கள். அரசியல் நிர்ணய சபை 14ஆம் தேதி இரவு 11 மணிக்கே கூடி, நள்ளிரவில் பொறுப்பேற்றது. ஆங்கிலக் கணக்கில் 15, பஞ்சாங்கக் கணக்கில் இன்னும் 14. இரு தரப்பும் ஏற்றுக்கொள்ள அந்த நள்ளிரவு வழிவிட்டது.

நான்காம் படி: அன்று நடந்தது சரியாக எது?

முடிவு எடுப்பது, அறிவிப்பது, கையெழுத்திடுவது, அமலுக்கு வருவது, விழா எடுப்பது எல்லாம் வேறு வேறு நாட்களில் நடக்கலாம். அட்டையில் வினைச்சொல்லைக் கவனமாகப் போடுங்கள்.

1947 ஆகஸ்ட் 15 காலை டில்லியில் பதவியேற்பு நடந்தது, மாலை இந்தியா கேட் பக்கம் கொடியேற்றம். செங்கோட்டைக் கொடியேற்றம் மறுநாள். எல்லைக் கோட்டை வகுத்த ராட்கிளிஃபின் முடிவு 17ஆம் தேதிதான் வெளியானது. அதாவது, விடுதலை நாளன்று பஞ்சாபிலும் வங்காளத்திலும் பல ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே உறுதியாகத் தெரியாது. இதை எழுதாமல் 'சுதந்திரம் கிடைத்தது' என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான். பாகிஸ்தான் இன்று 14ஆம் தேதியைக் கொண்டாடுகிறது. ஆனால் இந்திய விடுதலைச் சட்டம் இரு நாடுகளுக்கும் குறித்த நாள் 15. பாகிஸ்தான் 1948இல் வெளியிட்ட முதல் அஞ்சல் தலைகளிலும் 15 ஆகஸ்ட் 1947 என்றே அச்சாகியிருந்தது.

நம் பக்கத்தில் புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. 'புதுச்சேரி விடுதலை' என்று ஒரே சொல்லில் எழுதினால் இந்த மூன்றில் எது என்று படிப்பவருக்குத் தெரியாது.

சென்னைக்கும் இதே கதை உண்டு. 1639 ஆகஸ்ட் 22ஐச் சென்னை தினமாகக் கொண்டாடுகிறோம். நில ஒப்பந்தத்தின் படிகளில் ஜூலை 22 என்றும் இருக்கிறது. பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை கடைசியில்தான் என்பதால் ஆகஸ்ட் என்று கொண்டார்கள். கூடவே அது ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டித் தேதி. இதை எழுதினால் விழாவின் மதிப்பு குறையாது.

ஐந்தாம் படி: ஏன் அதே தேதி?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு தேதியில் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்திருந்தால், அது தற்செயலாக நேர்ந்ததா, யாராவது தேர்ந்தெடுத்ததா என்று கேளுங்கள்.

தற்செயல் அதிசயமே இல்லை. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நெப்போலியன் 1769இல் கோர்சிகாத் தீவில் பிறந்ததும், 1914இல் ஆங்கோன் என்ற கப்பல் கடந்து பனாமா கால்வாய் திறக்கப்பட்டதும் ஆகஸ்ட் 15தான். இரண்டுக்கும் முடிச்சுப் போட எதுவும் இல்லை. அப்படியே விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்தது வேறு. விடுதலைக்கு 1948 ஜூன் வரை அவகாசம் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 என்று முன்னுக்கு இழுத்தவர் மவுண்ட்பேட்டன். தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அவருக்கு ஜப்பான் சரணடைந்த நாள் மனதில் நின்ற நாள். அதன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் குறித்ததாகப் பின்னாளில் அவரே விளக்கம் தந்தார். தென் கொரியாவும் 1948இல் அரசை அறிவிக்க அதே ஆகஸ்ட் 15ஐ எடுத்துக்கொண்டது. ஜப்பானின் பிடியிலிருந்து விடுபட்ட நாள் அது.

நம் நாட்டில் அந்தத் தேதி இன்னும் கிளைவிட்டது. இஸ்ரோ உருவானது 1969 ஆகஸ்ட் 15. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. வண்ண ஒளிபரப்பு 1982இல், பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995இல், இரண்டும் அதே தேதி. மாநில முதலமைச்சர்கள் விடுதலை நாளில் கொடியேற்றும் உரிமையை மு. கருணாநிதி கேட்டுப் பெற்று, 1974இல் அதே புனித ஜார்ஜ் கோட்டையில் முதன்முதலாகக் கொடியேற்றினார். ஒவ்வொன்றும் 1947ஐப் பார்த்துக் குறித்த நாள். 1947 குறிக்கப்பட்டது 1945ஐப் பார்த்து. கடித உறையில் நாம் எழுதும் 6இல் தொடங்கும் எண்ணின் பிறந்தநாள், டோக்கியோவில் ஒரு நண்பகலில் ஒலித்த வானொலிப் பேச்சில் போய் நிற்கிறது. இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டு வகையும் வருவதுண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1534 ஆகஸ்ட் 15இல் பாரிசில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியசோடும் நண்பர்களோடும் உறுதிமொழி எடுத்தார். அன்று மரியாவின் விண்ணேற்புத் திருநாள், தெரிந்தே தேர்ந்த நாள். 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் அவர் இறங்கியதும் ஆகஸ்ட் 15. அது காற்றும் கடலும் கொண்டுவந்து சேர்த்த நாள்.

அரவிந்தர் பிறந்தது 1872 ஆகஸ்ட் 15. 1947இல் திருச்சி வானொலி கேட்டுக்கொண்டதற்காக அவர் தந்த செய்தியில், தன் பிறந்தநாளும் நாட்டின் விடுதலை நாளும் சேர்ந்ததைத் தற்செயலாகத் தான் கருதவில்லை என்றார். இத்தகைய இடங்களில் 'அவர் இப்படிக் கருதினார்' என்று எழுதுங்கள். நம் தீர்ப்பைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஜனவரி 26ஐ வைத்து நீங்களே பழகிப் பார்க்கலாம். 1930இல் முழு விடுதலை உறுதிமொழி எடுத்த நாள் என்பதால்தான், 1949 நவம்பர் 26இல் ஏற்ற அரசமைப்புச் சட்டத்தை 1950 ஜனவரி 26 வரை காத்திருந்து அமலாக்கினார்கள். 1788 ஜனவரி 26இல் சிட்னியில் பிரிட்டிஷ் கப்பல்கள் நிலைகொண்டதை ஆஸ்திரேலியா தன் தேசிய நாளாகக் கொண்டாடுவது நமக்குத் தற்செயல்.

ஆறாம் படி: ஐந்து வரியாகக் குறைப்பது

போர், பதவி, பிறப்பு, இறப்பு என்றே போய்விட வேண்டாம். ஓர் அறிவியல், ஓர் அன்றாடப் பொருள், ஒரு பயணம் என்று கலந்து எடுங்கள். துயரமும் மகிழ்ச்சியும் ஒரே ஆண்டில் ஒரே தேதியில் வந்தால் இரண்டையும் தனித்தனி வரியில் வையுங்கள். சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய அதே 1975 ஆகஸ்ட் 15 அதிகாலையில்தான் டாக்காவில் வங்கதேச அதிபர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால் படிப்பவர் மனம் எங்கே நிற்பது?

ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் போதும். ஆண்டு முதலில், ஊர் அடுத்து, சரியான வினைச்சொல் கடைசியில். என் இப்போதைய ஆகஸ்ட் 15 பலகை இது:

1549: முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியார் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார் (பழைய நாட்காட்டி).

1945: டோக்கியோ. நண்பகல் வானொலியில் பேரரசர் போரை நிறுத்துவதாக அறிவித்தார்.

1947: டில்லி. ஜப்பான் சரணடைந்த நாளின் நினைவில் குறித்த தேதியில் இந்தியா விடுதலை அடைந்தது. எல்லைக்கோடு தெரிந்தது இரண்டு நாள் கழித்து.

1972: நம் ஊருக்கு அஞ்சல் குறியீட்டு எண் வந்தது.

1975: சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது.

நான்காவது வரியில் உங்கள் ஊர் எண்ணையே எழுதுங்கள். பிள்ளைகள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

அப்புறம், யாராவது திருத்தம் சொன்னால் அன்றே பலகையில் 'நேற்றைய திருத்தம்' என்று எழுதிவிடுங்கள், அட்டையிலும் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். அட்டைகளைத் தேதி வரிசையில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும். பெட்டியில் 366 பிரிவு வேண்டும். பிப்ரவரி 29க்கான இடத்தைக் காலியாக விடாதீர்கள். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு இல்லை என்பதால், அவர் பிறந்த பிறகு அந்தத் தேதி முதன்முதலாகத் திரும்பி வந்தது 1904இல்.